பதினைந்து வோல்ட்

எங்கள் வீட்டுச் சுவரில் மூன்று பொருள் வரிசையாகத் தொங்கும். பழனி முருகன் படம், காலண்டர், வோல்ட் மீட்டர். என் வீட்டுக்காரர் முருகனைக் கும்பிடாமல்கூட ஒருநாள் இருந்துவிடுவார், மீட்டரைப் பார்க்காமல் இருக்கமாட்டார். விளக்கு வைக்கிற நேரம் வந்தால் முக்காலியை இழுத்துப் போட்டு அதற்கு நேர் எதிரே உட்கார்ந்துவிடுவார். அப்போது வீடு பற்றி எரிந்தாலும் "செத்த இரு" என்றுதான் பதில் வரும்.

அவர் பெயர் மொக்கைச்சாமி. புருஷன் பெயரைச் சொல்லக்கூடாது என்பார்கள், எழுதக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. திண்டுக்கல்லில் சௌகத் அலி பாயின் மோட்டார் பம்புக் கடையில் மெக்கானிக். காலையில் அகரத்திலிருந்து சைக்கிளை மிதித்துப் போனால் பொழுது சாயத் திரும்புவார். அந்த மீட்டரும் கடையில் கண்ணாடி கீறல் விட்டுத் தூக்கிப் போட வைத்திருந்ததுதான்.

எங்கள் வீடு ஊருக்கு வெளியே தோட்டத்தில் இருக்கிறது. டிரான்ஸ்பார்மர் ஊரை ஒட்டி நிற்கிறது. அங்கிருந்து கரண்டுக் கம்பி வயல்களைத் தாண்டி எங்கள் வீட்டுக் கம்பத்துக்கு வரும். அதற்கப்பால் ஒரே ஒரு தோட்டத்துக்குப் போய் முடிந்துவிடும். அது சோலைமலையின் தோட்டம், வீடும் அதிலேயே. சோலைமலை வேறு யாருமில்லை, என் வீட்டுக்காரரின் தங்கை சிவனம்மாளின் புருஷன். நடுவில் இரண்டு புஞ்சையும் ஒரு வாய்க்காலும்தான். கூப்பிட்டால் கேட்கிற தூரம், ஆனால் யாரும் கூப்பிட்டதில்லை. ஐந்து வருஷம் இரண்டு வீட்டுக்கும் பேச்சு வார்த்தை இல்லாமல் இருந்தது.

அதற்கு முன்பு அப்படி இல்லை. ஐம்பத்தெட்டில் சிவனம்மா தோட்டத்துக்கு ஐந்து குதிரை சக்தி மோட்டார் வந்தபோது இவர்தான் ராப்பகலாக நின்று மாட்டிக் கொடுத்தார். மோட்டார் ஒரு பக்கம், பம்பு ஒரு பக்கம், இரண்டையும் சேர்க்க நீளமாக ஒரு தோல் பெல்ட்டு. மாடு கட்டிக் கமலை இறைத்த கிணறு அது. மோட்டாருக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, கனகாம்பர மாலை போட்டு, பச்சைப் பொத்தானை அமுக்கச் சிவனம்மாளைக் கூப்பிட்டார்கள்.

என்னை மட்டும் அந்த வேடிக்கையைப் பார்க்க விடவில்லை. "நீ வீட்டுல மீட்டருகிட்ட நில்லு. முள்ளு எம்புட்டு எறங்குதுன்னு பாத்துச் சொல்லணும்" என்று நிறுத்திவிட்டார். எனக்கு வந்த கோபத்தில் மீட்டரைப் பிடுங்கிக் கிணற்றில் போட்டிருப்பேன். ஆனாலும் நின்றேன். முள் இருநூற்றிருபதில் இருந்தது. திடீரென்று பல்பு கண்ணைச் சிமிட்டி மஞ்சளாகிப்போனது. முள் இருநூற்றைந்துக்கு இறங்கி அங்கேயே நின்றது.

ஓடிப் போய்ச் சொன்னேன். மோட்டாருக்குப் பக்கத்தில் அவர் வைத்திருந்த ஆம்பியர் மீட்டர் ஏழரை காட்டியதாம். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அடுப்புக் கரியை எடுத்து என் வெள்ளையடித்த சுவரில் கணக்குப் போட்டார். குறைந்தது பதினைந்து வோல்ட். ஓடியது ஏழரை ஆம்பியர். பதினைந்தை ஏழரையால் வகுத்தால் இரண்டு.

"கம்பியோட தடை ரெண்டு ஓம்" என்றார். முருகன் படத்துக்குப் பக்கத்தில் நின்று ஓம் என்றதும் நான் கையெடுத்துக் கும்பிட்டேன். தலையில் அடித்துக்கொண்டார்.

பிறகு பொறுமையாகச் சொன்னார். வாய்க்காலில் விட்ட தண்ணீர் கடைமடைக்கு வருவதற்குள் வழியில் மண் கொஞ்சம் குடித்துவிடும் அல்லவா, அதுபோலக் கரண்டு ஓடும்போது கம்பி கொஞ்சம் வோல்ட்டைத் தின்றுவிடும். நிறைய ஓடினால் நிறையத் தின்னும். ஓம் என்பது கம்பியின் வயிறு. அது மாறாது. அதனால் வீட்டில் எத்தனை வோல்ட் இறங்குகிறது என்று பார்த்து இரண்டால் வகுத்தால், அந்தத் தோட்டத்து மோட்டார் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று இங்கே உட்கார்ந்தே தெரிந்துவிடும். அந்த ஆம்பியரை வோல்ட்டால் பெருக்கினால் மோட்டாரின் சக்தி. இருநூற்றைந்தை ஏழரையால் பெருக்கினார். ஆயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம் வாட். கம்பி மூன்று, அதனால் நாலாயிரத்து அறுநூறு. அதில் ஐந்தில் ஒரு பங்கு வேலை செய்யாமல் சும்மா போய்த் திரும்புமாம். அதைக் கழித்தபோது ஐந்து குதிரை சரியாக வந்தது. மனுஷருக்கு அன்று சந்தோஷம் தாங்கவில்லை.

மறுநாள் சிவனம்மா வாய்க்காலைத் தாண்டி மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"மதினி, நெசமாவே உங்க வெளக்கு மங்குச்சா?"

"மங்குச்சுடி. பூசணிப்பூ மாதிரி மஞ்சளாப் போச்சு."

"அப்ப நான் மோட்டாரு போடறப்பல்லாம் அண்ணனுக்குத் தெரிஞ்சிரும்!"

வந்த வேகத்தில் திரும்பிப் போய் மோட்டாரைப் போட்டாள், அமத்தினாள், போட்டாள், அமத்தினாள். எங்கள் விளக்கு மங்கி மங்கி எரிந்தது. இவர் வாசலில் நின்று கைகொட்டிச் சிரித்துவிட்டு, பிறகு பயந்துபோய்க் கத்தினார். "ஏத்தா, போதும், மோட்டாரு பொகைஞ்சிரும்!"

அந்தச் சிரிப்பை எல்லாம் ஒரு காதுகுத்து கொண்டுபோய்விட்டது.

அறுபதில் சிவனம்மா மகளுக்குக் காது குத்தினார்கள். தாய்மாமன் மடியில் வைத்துக் குத்தவேண்டும். சீர்த்தட்டோடு மாமன் எல்லையில் வந்து நிற்க, அந்த வீட்டார் மேளத்தோடு வந்து எதிர்கொண்டு அழைத்துப் போவது எங்கள் வழக்கம். மேளம் வராமல் மாமன் எல்லையைத் தாண்டமாட்டான். இவர் திண்டுக்கல்லில் சீர் வாங்கி நேராகப் பஸ்ஸில் வந்து இறங்குவார் என்று நினைத்து, சோலைமலை வீட்டார் மேளத்தோடு தார் ரோட்டில் போய் நின்றார்கள். நாங்களோ முதல்நாளே எல்லாவற்றையும் வாங்கி வந்துவிட்டு, வாய்க்கால் பாதையில் பிள்ளையார் கோயிலடியில் தட்டோடு நின்றோம். ரோட்டில் மேளம் அடிப்பது எங்கள் காதில் விழுந்தது. "மாமன் இல்லாமயே ஆரம்பிச்சிட்டாகளா?" என்று இவர் முகம் கறுத்தது. "நாமளே போயிருவோம், வாங்க" என்றேன். "மேளம் வராம நான் எப்படிப் போவேன்?" என்றார். அங்கே அவர்களும், "மாமன் வராம நாம எப்படித் திரும்புறது?" என்று நின்றிருக்கிறார்கள்.

நல்ல நேரம் முடியப்போகிறதென்று சோலைமலையின் பங்காளி ஒருவன் மடியில் குழந்தையை வைத்துக் குத்திவிட்டார்கள். விஷயம் தெரிந்து இவர் தட்டையெல்லாம் பிள்ளையார் முன்னால் வைத்துவிட்டு, கொதித்துப்போய் வாய்க்கால் கரையில் நின்றார். எதிர்க்கரையில் சோலைமலை.

"பக்கத்துத் தோட்டத்துல இருந்துக்கிட்டு வர முடியாத மாமன் எதுக்கு?" என்றார் சோலைமலை.

"இனிமே ஒங் கெணத்துத் தண்ணி என் தொண்டையில எறங்காது" என்றார் இவர்.

சிவனம்மா காதில் ரத்தம் கசிகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்து அழுதாள். இவர் திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்து அழுதார்.

அன்று முதல் முக்காலி மீட்டருக்கு எதிரே வந்துவிட்டது. சிவனம்மா மல்லிக்கும் வெங்காயத்துக்கும் தண்ணீர் பாய்ச்ச விளக்கு வைக்கிற நேரத்தில்தான் மோட்டார் போடுவாள். பல்பு மஞ்சளாகும். முள் பதினைந்து வோல்ட் இறங்கும். "ம்" என்பார். அப்புறம்தான் சோறு. அந்த நேரத்தில் எங்கள் தோட்டத்து மூன்று குதிரை மோட்டாரை யாரும் தொடக்கூடாது என்று வீட்டில் சட்டம். ரெண்டும் சேர்ந்து ஓடினால் வோல்ட்டேஜ் படுத்துவிடும், மோட்டார் கருகிவிடும் என்று காரணம் சொல்வார். தங்கச்சியின் பதினைந்தில் நம்முடையது கலந்துவிடக்கூடாது, அதுதான் உண்மையான காரணம். எனக்கா தெரியாது?

ஒருநாள் முள் பதினெட்டு இறங்கியது. "ஒம்போது ஆம்பியரு இழுக்குது. பேரிங்கு எறுகிருச்சு, கிரீஸ் போடலை போல" என்று தவித்துப்போனார். அன்று வெஞ்சனத்தில் உப்பில்லை என்று நானே சொல்லும்வரை அவருக்குத் தெரியவில்லை. மறுநாள் சௌகத் அலி பாயின் காலைப் பிடிக்காத குறை. பாய் வேறொரு மெக்கானிக்கை, 'இந்தப் பக்கம் சும்மா வந்தேன்' என்று சொல்லச் சொல்லி சோலைமலை தோட்டத்துக்கு அனுப்பினார். அன்று மாலை முள் பதினைந்துக்கு வந்தது. இவர் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார்.

இப்படியும் ஒரு அண்ணன் தங்கச்சி உண்டா? நடந்து போனால் ஒரு வெற்றிலை போட்டு முடிக்கிற நேரம். அதற்கு வோல்ட்டும் ஆம்பியரும் வேண்டியிருக்கிறது. எனக்குச் சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும்.

அறுபத்தைந்தில் மழை ஏமாற்றிவிட்டது. எங்கள் கிணற்றில் தண்ணீர் முழங்கால் அளவுக்குக் கிடந்தது. சோலைமலை கிணறு மேட்டுப் பூமி, அங்கே அதைவிட மோசம். மோட்டார் ஓடுகிற நேரம் நாளுக்கு நாள் சுருங்கியது. ஒருநாள் முள் எட்டு வோல்ட்தான் இறங்கியது.

"நாலு ஆம்பியரு" என்றார். "பம்பு தண்ணி எடுக்கல. காத்தக் குடிக்குது." தன் வயிறே காய்ந்ததுபோல உட்கார்ந்திருந்தார்.

கொஞ்ச நாள் கழித்து அது ஐந்தானது. கரியை எடுத்துச் சுவரில் போட்டார். ஐந்தை இரண்டால் வகுத்தால் இரண்டரை. பெருக்கிப் பார்த்தார், கழித்துப் பார்த்தார். மறுநாளும் போட்டார். கணக்கு மாறவில்லை.

"ரெண்டர ஆம்பியரு வெறும் மோட்டாருதான் இழுக்கும். கடையில தெனம் பாக்குறேன். பம்பும் இல்ல, பெல்ட்டும் இல்ல. வெறுமனே சுத்துது. வெறும் மோட்டார எதுக்குடி போடறா?"

"வேறெதுக்கு? ஒங்களுக்காகத்தான்" என்றேன்.

"கிறுக்குத்தனமாப் பேசாத."

"நான் கிறுக்குத்தான். வெளக்கு வைக்கையில போட்டுச் செத்த நேரத்துல அமத்திடறாளே, அது எந்தப் பயிருக்கு? அம்புட்டுக் கணக்கும் தெரியுது, இது தெரியலையா? போய் ஒரு எட்டுப் பாத்துட்டு வாங்க."

"அவுக வந்து கூப்பிடட்டும்."

"மேளத்தோடயா?" என்று கேட்டுவிட்டேன். எழுந்து வாசலுக்குப் போய்ச் சைக்கிளைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். நான் சொன்னதை அவர் நம்பாமலில்லை. நம்பினால் எழுந்து போகவேண்டும், அதுதான் அவருடைய கஷ்டம்.

மாசிக் கடைசியில் ஒரு சாயங்காலம் கடையிலிருந்து வந்தவர் சைக்கிளைச் சுவரில் சாத்தக்கூட இல்லை, அப்படியே விட்டார், அது விழுந்தது.

"சோலமலை நெய்க்காரப்பட்டியில குத்தகைக்கு நெலம் பிடிச்சிட்டாராம். அங்கிட்டுத் தண்ணி இருக்காம். குடும்பத்தோட போறாகளாம். பாய் சொன்னாரு."

"எப்ப?"

"தெரியலை" என்றார். முக்காலியில் உட்கார்ந்தார்.

நான் பல்பைப் போட்டேன். முள் இருநூற்றிருபதில் நின்றது. காத்திருந்தோம். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. பல்பு வெள்ளையாக, நன்றாக, ஒரு குறையுமில்லாமல் எரிந்துகொண்டிருந்தது. அவ்வளவு வெளிச்சத்தை அந்த வீட்டில் அந்த நேரத்தில் நான் பார்த்ததே இல்லை. பார்க்கப் பொறுக்கவில்லை.

"மங்கலையே" என்றார்.

"செத்த பொறுங்க."

"மங்கலையே சுந்தரம்" என்றார் மறுபடியும். அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எத்தனையோ காலமாகிறது. எழுந்து துண்டைத் தோளில் போட்டார். செருப்பைத் தேடவில்லை. "வாரியா?" என்றார். நான் டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

வாய்க்கால் பாதையில் பிள்ளையார் கோயிலடிக்கு வந்ததும் அவர் கால் நின்றுவிட்டது. அதே இடம். தட்டோடு நின்ற இடம். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் காரியம் கெட்டுப்போகும் என்று எனக்குத் தெரியும். எங்கேயோ ஒரு நாய் குரைத்தது. அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மேளம் இல்லாமல், கூப்பிட ஆள் இல்லாமல், எல்லையைத் தாண்டி நடந்தார்.

மோட்டார் ரூம் கதவு திறந்து கிடந்தது. உள்ளே ஒரு அரிக்கேன் விளக்கு. மோட்டார் இருந்த இடத்தில் நான்கு போல்ட்டுகள் மட்டும் சிமெண்டில் நீட்டிக்கொண்டு நின்றன. பம்பு இருந்த பள்ளத்தில் சிலந்தி வலை. பெல்ட்டு சுருட்டி ஆணியில் தொங்கியது. வெளியே வண்டியில் மோட்டாரை ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். சிவனம்மா அந்தப் பச்சைப் பொத்தானுக்குக் கீழே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். எங்களைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. நேற்றுப் பேசி விட்ட இடத்திலிருந்து தொடர்கிறவள்போலப் பேசினாள்.

"மோட்டார இன்னைக்கிக் கழட்டிட்டாகண்ணே. இனிமே ஒனக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியாம உக்காந்திருக்கேன்."

இவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "பெல்ட்டு இல்லாமயா ஓட்டுன?" என்றார்.

"பம்பத்தான் மொதல்ல வித்தாரு. மோட்டாரு கெடந்துச்சு. வெளக்கு வைக்கையில போட்டா ஒன் வெளக்கு மங்கும்ல? அதான்." முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "போட்டுட்டு வீட்டுக்கு ஓடிப் போயி எங்க வெளக்கப் பாத்துக்கிட்டே நிப்பேன். ஒருநாளாச்சும் நீயும் பதிலுக்கு ஒன் மோட்டாரப் போடுவேன்னு. எங்க வெளக்கும் மங்கும்னு. நீ போடவே இல்லையேண்ணே."

"ஒன்னுது சுத்தமாத் தெரியணும்னுதான்த்தா நான் போடல" என்றார். தரையில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். ஐந்து வருஷமாக அவள் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள், இவர் கணக்கு மட்டும் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். எனக்கு இரண்டு பேரையும் அடிக்கவேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. கட்டிக்கொண்டேன்.

சோலைமலை சத்தம் கேட்டு வந்தார். வாசலில் நின்று தலையைச் சொறிந்தார். உள்ளே போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தவர், நீட்டுவதா வேண்டாமா என்று தயங்கினார்.

"குடிங்க மச்சான். இது எங்க கெணத்துத் தண்ணி இல்ல. கெணத்துல ஏது தண்ணி? இது ஆத்து ஊத்துத் தண்ணி."

இவர் சொம்பை வாங்கி, ஒரு சொட்டுச் சிந்தாமல், அண்ணாந்து முழுவதையும் குடித்தார். "எந்தத் தண்ணியா இருந்தா என்ன மாப்ள" என்றார்.

குழந்தை உள்ளே தூங்கிக்கொண்டிருந்தது. ஆறு வயசாகிவிட்டது. இவர் போய்த் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, கம்மல் போட்ட காதை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். இங்கேயே இருங்கள், கிணற்றை ஆழப்படுத்துவோம் என்று சொல்லிப் பார்த்தார். குத்தகைக்கு வாக்குக் கொடுத்தாயிற்று, அங்கே நாற்று பாவியாயிற்று. விடிந்ததும் வண்டி போய்விட்டது. தாடிக்கொம்பு ரோடு வரை கூடவே நடந்துவிட்டு வந்தார்.

இப்போதெல்லாம் வருஷத்தில் இரண்டு முறை பஸ் ஏறி நெய்க்காரப்பட்டிக்குப் போய் வருகிறோம். அவர்களும் வருகிறார்கள். ஆனாலும் விளக்கு வைக்கிற நேரத்தில் அந்த முக்காலி காலியாக இருப்பதில்லை. அந்தப் பக்கம் இழுக்க ஆளில்லாத கம்பி. முள் இருநூற்றிருபதிலேயே நிற்கும். அதையே பார்த்துக்கொண்டிருப்பார். நான் ஏதாவது கேட்டால் "ம்" என்பார், அந்த "ம்" பழைய "ம்" இல்லை.

ஒருநாள் எனக்குத் தாங்கவில்லை. அவருக்குத் தெரியாமல் பின்பக்கமாகப் போய், அந்த நேரத்தில் தொடக்கூடாத எங்கள் மோட்டாரைப் போட்டேன். போட்டுவிட்டு ஒன்றும் அறியாதவள்போல வீட்டுக்குள் வந்து நின்றேன். பல்பு மஞ்சளாகியிருந்தது. சுவரில் முருகன் முகமும் மங்கியிருந்தது. இவர் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார், என் பக்கம் திரும்பவில்லை.

"ஒம்போது வோல்ட்டு. நாலர ஆம்பியரு. இது நம்ம மூணு குதிரை" என்றார்.

"ஆமா. போய் அமத்திட்டு வாரேன்" என்று திரும்பினேன்.

"இருக்கட்டும்" என்றார். "செத்த நேரம் ஓடட்டும்."